பத்துப் பேரில் திரும்பி வந்தவர்: அன்றாட வாழ்வில் நன்றி உள்ளம்



தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருவர் சந்தித்துக் கொண்டால் முதலில் வரும் சொல் 'ஸ்தோத்திரம்'. தொலைபேசியை எடுத்தாலும் ஸ்தோத்திரம், விடைபெறும்போதும் ஸ்தோத்திரம். வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குத் துதி, புகழ்ச்சி என்பது பொருள். நம் சபைகளில் அது இறைவனுக்கு நன்றி செலுத்துதல் என்ற பொருளையும் பெற்றுவிட்டது. பிள்ளை பிறந்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். புது வீட்டுக்குக் குடிபோனால் ஸ்தோத்திர ஜெபம். மகள் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றால் அடுத்த ஞாயிறு ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை.

இவை நல்ல வழக்கங்கள். ஆனால், நாள் ஒன்றுக்கு இருபது முறை வாயில் வருகின்ற ஒரு சொல், உள்ளத்திலிருந்து வருகிறதா அல்லது பழக்கத்தினால் வருகிறதா? இறைவன் தந்த நன்மைகளுக்கு நன்றியோடு வாழ்வது என்றால் என்ன? அது நல்ல செய்தி கிடைக்கும் நாளுக்கு மட்டும் உரியதா? இக்கேள்விகளுக்கு வேதாகமம் தரும் விளக்கத்தைச் சற்று ஆராய்வோம்.

பத்துப் பேரும் குணமடைந்தார்கள்

நன்றி என்றதும் கிறிஸ்தவர்களின் நினைவுக்கு வரும் சம்பவம், லூக்கா சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரத்தில் உள்ளது. இயேசு எருசலேமை நோக்கிப் போகிறார். சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட வழியில், ஒரு கிராமத்தருகே, குஷ்டரோகிகள் பத்துப் பேர் தூரத்தில் நின்று இரக்கம் கேட்டுக் கூவுகிறார்கள்.

அவர்கள் ஏன் தூரத்தில் நின்றார்கள்? மோசேயின் சட்டப்படி அவர்கள் ஊருக்கு வெளியேதான் வாழ வேண்டும். வேதாகமம் அந்தப் பெயரால் குறிப்பிடுவது இன்றைய தொழுநோயை மட்டுமல்ல, வேறு சில தோல் நோய்களையும்தான். எதுவானாலும், அந்த நோய் கண்டவர் வீடு, ஊர், வழிபாடு அனைத்தையும் ஒரே நாளில் இழந்தார்.

இந்த வேதனை என்னவென்று மலேசியர்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லர். சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோய் மருத்துவக் குடியிருப்பு 1930-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். இன்று அந்த நோய்க்குச் சிறந்த கூட்டு மருந்துகள் உள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 1981-ஆம் ஆண்டு முதல் அவற்றைப் பரிந்துரைத்து வருகிறது. இயேசுவின் காலத்தில் மருந்தே இல்லை.

அந்தப் பத்துப் பேரையும் ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காட்டுமாறு இயேசு சொல்கிறார். நோய் நீங்கியது என்று அறிவிக்கும் உரிமை ஆசாரியருக்கே இருந்தது. அவர்கள் போகிறார்கள், போகும் வழியிலேயே குணமடைகிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் உரத்த குரலில் கடவுளைப் புகழ்ந்துகொண்டு திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுகிறார். அவர் ஒரு சமாரியர். யூதர்கள் அந்நியராகக் கருதி ஒதுக்கிய இனத்தைச் சேர்ந்தவர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஒன்பது பேரும் கட்டளையை மீறியவர்கள் அல்லர். ஆசாரியரிடம் போகச் சொன்னார், போனார்கள். எத்தனையோ காலம் பிரிந்திருந்த மனைவியையும் பிள்ளைகளையும் காண ஓடியிருக்கலாம். அவர்கள் நன்றி சொல்லவில்லை என்பதற்காக இயேசு அவர்களது சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இறைவனின் கொடை பத்துப் பேருக்கும் ஒன்றாகவே இருந்தது.

அப்படியானால் திரும்பி வந்தவர் கூடுதலாகப் பெற்றது என்ன? ஒன்பது பேருக்குக் கிடைத்தது சுகம். அவருக்குச் சுகமும் கிடைத்தது, அதைத் தந்தவரும் கிடைத்தார். கொடையைப் பார்த்த கண், கொடுத்தவரின் முகத்தையும் பார்க்கத் திரும்புகிறது. அப்படித் திரும்புவதைத்தான் நன்றி என்கிறோம்.

நன்றி எங்கே தொலைகிறது?

நாம் வேண்டுமென்றே நன்றி கெட்டவர்களாக ஆவதில்லை. மறந்து போகிறோம், அவ்வளவுதான். உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில், கானான் நாட்டுக்குள் நுழையப் போகும் இஸ்ரயேல் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை தரப்படுகிறது. வயிறு நிறைந்து, நல்ல வீடுகள் கட்டி, ஆடுமாடும் பொன்னும் வெள்ளியும் பெருகிய பிறகு, இதெல்லாம் என் கைத்திறனால் வந்தது என்று நெஞ்சம் சொல்லும். அப்போது கடவுளை மறந்துவிடாதே என்பது அதன் சாரம். பசித்த நாளில் இறைவனைக் கூப்பிடுவது எளிது. உண்டு முடித்த பிறகு நினைப்பதுதான் கடினம்.

அதே மக்கள் வனாந்தரத்தில் நாற்பது ஆண்டுகள் மன்னாவை உண்டார்கள். முதல் நாள் அதைக் கண்டபோது, இது என்ன என்று வியந்து ஒருவரையொருவர் கேட்டார்கள். பின்னொரு நாளில், இந்த மன்னாவைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று அழுதார்கள். உணவு மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. தினமும் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நமது வாழ்விலும் இதுதான் நடக்கிறது. 2014-ஆம் ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. வாளியும் தோம்புமாய் வரிசை பிடித்தோம். குழாயில் நீர் வந்ததும் வீட்டார் எல்லாரையும் கூவி அழைத்தோம். பங்கீடு முடிந்த பிறகு குழாயைத் திறந்து வியந்தவர் யார்? 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அடுத்த மாதம் சிங்கப்பூரிலும் கட்டுப்பாடுகள் வந்தன. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பாடும் குரலைக் கேட்பதே எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போது உணர்ந்தோம். இன்று அதே ஆலயத்தில் பிரசங்கம் பத்து நிமிடம் நீண்டால் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

இழந்த பிறகுதான் அருமை தெரியும் என்பது பொதுவான அனுபவம். இழக்கும் முன்பே அருமையை உணர்வதற்கான பயிற்சிதான் நன்றி செலுத்துதல்.

குறைவு கையில் இருக்கும்போதே

நிறைவு வந்த பிறகு நன்றி சொல்வோம் என்று எண்ணுபவர்கள் யோவான் சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். ஐயாயிரம் ஆண்கள் கொண்ட கூட்டம். கையில் இருந்ததோ ஒரு சிறுவனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும். வாற்கோதுமை அப்பம் ஏழைகளின் உணவு. இயேசு அந்த அப்பங்களை எடுத்து, நன்றி செலுத்தி, பகிர்ந்து கொடுத்தார். அப்பங்கள் பெருகிய பிறகு அவர் நன்றி சொல்லவில்லை. போதாது என்று சீடர்கள் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்த நேரத்திலேயே சொன்னார்.

காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அவர் அப்படியே செய்தார். மறுநாள் சிலுவை என்று அறிந்திருந்தும், அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து நன்றி செலுத்தினார். அதன் நினைவாகவே கத்தோலிக்கர்கள் திருப்பலியில் நற்கருணை பெறுகிறார்கள். மற்ற சபையினர் திருவிருந்தில் பங்கு பெறுகிறார்கள். நற்கருணைக்குப் பழைய கிரேக்கத் திருச்சபை வைத்த பெயர் 'யூக்கரிஸ்தியா'. அதன் பொருள் நன்றி செலுத்துதல். கிறிஸ்தவ வழிபாட்டின் நடுநாயகமான சடங்குக்கே நன்றி என்று பெயர்.

துன்பத்திலும் நன்றி சொல்ல வேண்டுமா?

இந்த இடத்தில் நேயர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழும். வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், பெற்ற பிள்ளையையே மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். இதற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

கேள்வி நியாயமானது. துக்க வீட்டுக்குப் போய், எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று அறிவுரை கூறுபவர்கள் உண்டு. அந்தச் சொல் பல உள்ளங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. ஆலயத்தை விட்டே சிலரைத் தள்ளியிருக்கிறது. ஆகவே இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், எந்தச் சூழ்நிலையிலும் நன்றி செலுத்தும்படி கூறுகிறார். சூழ்நிலைக்குள் இருந்துகொண்டு நன்றி சொல்வது ஒன்று. அந்தத் தீமைக்காகவே நன்றி சொல்வது வேறொன்று. எபேசியர் நிருபத்தில் எல்லாவற்றுக்காகவும் நன்றி செலுத்தச் சொல்லியிருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். அந்த வாக்கியத்தை இயேசுவின் நடத்தையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தம் நண்பர் லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு கண்ணீர் விட்டார். பிறகு அதே கல்லறை முன்பு நின்று பிதாவுக்கு நன்றி சொன்னார். எதற்காக? பிதா தமக்குச் செவிகொடுக்கிறார் என்பதற்காக. லாசரு இறந்ததற்காக அவர் நன்றி சொல்லவில்லை. கண்ணீரும் நன்றியும் ஒரே உள்ளத்தில், ஒரே நாளில் இருக்க முடியும் என்பதை அந்தக் கல்லறை வாசல் காட்டுகிறது.

சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாடல்கள். கைவிடப்பட்டேன் என்ற கூக்குரலோடு தொடங்கும் 22-ஆம் சங்கீதம் துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது; இறுதிவரை அதில் ஆறுதல் வார்த்தை இல்லை. அதையும் வேதம் தன்னுள் வைத்திருக்கிறது. ஆகவே துக்கத்தில் இருப்பவர் அழுவது அவிசுவாசம் அல்ல. இன்று நன்றி சொல்ல நா எழாத ஒருவருக்காக, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மௌனமாக ஜெபிக்கலாம். நன்றியைப் பிறர் மீது கட்டளையாகச் சுமத்தக் கூடாது.

இதற்கு வரலாற்றிலும் ஓர் உதாரணம் உண்டு. ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். அது முப்பதாண்டுப் போர்க் காலம். மதில் சூழ்ந்த அந்த நகருக்குள் அகதிகள் குவிந்தார்கள். 1637-ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியது. மற்றப் போதகர்கள் இறந்தோ நகரை விட்டு நீங்கியோ போக, ரிங்கார்ட் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். நோய்க்குப் பின் பஞ்சம் வந்தபோது, தம் வீட்டில் இருந்ததையும் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். உலகெங்கும் தேவாலயங்களில் இன்றும் பாடப்படும் ஒரு புகழ்பெற்ற நன்றிப் பாடலை இயற்றியவர் இவர்தான். அந்தப் பாடலைப் பாடிய மனிதர் துன்பம் அறியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. மரணத்துக்கு அவர் நன்றி கூறவில்லை. மரணத்தின் நடுவிலும் இறைவன் தம்மைக் கைவிடவில்லை என்று நம்பினார்.

ஒப்பிட்டுப் பார்த்து வரும் நன்றி

நன்றி போலத் தோன்றி நன்றி அல்லாத ஒன்றும் உண்டு. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசு ஓர் உவமை சொன்னார். பரிசேயர் ஒருவர் ஆலயத்தில் நின்று ஜெபிக்கிறார். அவரது ஜெபமும் நன்றியில்தான் தொடங்குகிறது. மற்றவர்களைப் போலவும், அங்கே நிற்கும் வரி வசூலிப்பவரைப் போலவும் தாம் இல்லாததற்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறுகிறார். அந்த ஜெபத்தை இயேசு ஏற்கவில்லை.

சாலையில் விபத்தைக் கண்டு, நல்ல வேளை நமக்கு நேரவில்லை, ஸ்தோத்திரம் என்று கடந்து போகிறோமே, அது எந்த வகை? ஆலயத்தில் சாட்சி சொல்லும்போதும் கவனம் தேவை. நான் விசுவாசித்தேன், ஆகவே என் மகன் பிழைத்தான் என்று ஒருவர் சொல்கிறார். அதே வரிசையில், அதே அளவு ஜெபித்தும் மகனை இழந்த தாய் ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா என்று அவர் உள்ளம் துடிக்கும். இறைவன் இரக்கம் காட்டினார் என்று சொல்வதோடு சாட்சியை நிறுத்தலாம். அந்த இரக்கத்தை நம் விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி ஆக்கிவிடக் கூடாது. கூலி வாங்கியவர் நன்றி சொல்லத் தேவையில்லை. இலவசமாகப் பெற்றவர்தான் சொல்ல வேண்டும்.

இறைவனுக்கு நன்றி, மனிதருக்கு?

உணவு மேசையில் குடும்பத் தலைவர் கண்மூடி ஜெபிக்கிறார். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே என்கிறார். கண்ணைத் திறந்ததும், குழம்பில் உப்புக் குறைவு என்கிறார். அதிகாலையில் எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கும் போய் வந்த மனைவிக்கு ஒரு நல்ல சொல் இல்லை. இறைவன் வானத்திலிருந்து சோற்றைப் போடவில்லை. ஒரு மனிதரின் கை வழியாகத்தான் கொடுத்தார். அந்தக் கையை மதிக்காமல் வானத்தை மட்டும் நோக்குவது பாதி நன்றி.

குடும்பத்துக்குள் நன்றி சொல்வது நம்மவர்களுக்குப் பழக்கமில்லை. அம்மாவுக்குப் போய் நன்றி சொல்வதா, அது அந்நியமாக இருக்காதா என்பார்கள். உண்மைதான், தமிழர்கள் நன்றியைப் பெரும்பாலும் சொல்லை விடச் செயலில் காட்டியவர்கள். திருவள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நன்மையை மறப்பதை மீள முடியாத குற்றமாகவே கருதினார். ஆனால் செயலும் இல்லாமல் சொல்லும் இல்லாமல் போனால், அது பண்பாடு ஆகாது. அம்மா கழுவ வேண்டிய தட்டை மகன் கழுவினால், அதுவும் ஒரு ஸ்தோத்திரம்தான்.

பவுல் இதில் நமக்கு நல்ல வழிகாட்டி. பிலிப்பியருக்கு அவர் எழுதிய நிருபம் சிறையிலிருந்து வந்தது. தம் குறைவில் உதவி அனுப்பிய எளிய சபைக்கு அவர் அதில் நன்றியைத் தெரிவிக்கிறார். உதவியைச் சுமந்து வந்து, சாகும் அளவு நோயுற்ற எப்பாப்பிரோதீத்துவைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், தமக்காகத் தங்கள் உயிரையே பணயம் வைத்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியருக்கு நன்றி கூறுகிறார். இறைவனுக்கு நன்றி சொன்ன அதே நாவு மனிதரையும் பெயர் சொல்லி நினைத்தது.

நன்றி பகிர்வாக வேண்டும்

பழைய ஏற்பாட்டில் நன்றிப் பலி பற்றிய ஒரு சட்டம் லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பலியின் இறைச்சியை அதே நாளில் உண்டு முடிக்க வேண்டும். மறுநாள் காலை வரை வைக்கக் கூடாது. ஓர் ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு தீர்ப்பது எளிதல்ல. நாலு பேரை அழைத்தால்தான் முடியும். நன்றியைப் பூட்டி வைக்க முடியாதபடி சட்டமே அமைந்திருந்தது.

உபாகமம் 26-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் எடுத்து வந்து படைத்த பிறகு, நிலமில்லாத லேவியரோடும் உள்ளூரில் தங்கியிருக்கும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது.

நம் தமிழ்ச் சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகை இந்த மரபில் வந்ததே. வாழைத்தார், தேங்காய், காய்கறி, வீட்டில் சுட்ட பலகாரம் என்று அவரவர் இயன்றதைக் கொண்டு வந்து படைக்கிறார்கள். அவற்றை ஏலம் விட்டுக் கிடைக்கும் பணம் ஆலயப் பணிக்குப் போகிறது. வயல் இல்லாத நகரத்து மக்களுக்கும் அறுப்பு உண்டு. மாதச் சம்பளம்தான் அந்த அறுப்பு.

அன்று உபாகமம் சொன்ன அந்நியர் இன்று யார்? நாம் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டைக் கட்டியவர், நம் குப்பையை அள்ளுபவர், நம் வயதான தாயைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பணிப்பெண். இவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள். பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டியும் ஒரு காலத்தில் இந்த மண்ணில் அந்நியர்கள்தாம். உபாகமத்தில் முதற்பலன் படைப்பவரும், தம் மூதாதை ஊர் ஊராக அலைந்தவர் என்பதை முதலில் நினைவுகூர்ந்து சொன்ன பிறகே படைத்தார். வந்த வழியை நினைப்பவருக்கு, பின்னால் வருபவர் சுமையாகத் தெரிய மாட்டார்.

வீட்டில் தொடங்கலாம்

இவற்றை நடைமுறைக்குக் கொண்டு வருவது எப்படி?

முதலாவதாக, இரவு ஜெபத்தில் பொதுவாக எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் என்று முடித்துவிடாமல், அந்த நாளில் நடந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இன்று மழைக்கு முன் வீடு வந்து சேர்ந்தேன். கணக்குப் பாடம் புரிந்தது. அப்பாவின் சர்க்கரை அளவு குறைந்தது. பிள்ளைகள் இதை விரைவில் பழகிக்கொள்வார்கள்.

இரண்டாவதாக, அந்த நன்மை யார் கை வழியாக வந்தது என்று கேளுங்கள். மறுநாள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுநராக இருந்தாலும் சரி.

மூன்றாவதாக, ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கும்போது, திரும்ப அழைக்க வசதியில்லாத ஒருவரையாவது அழையுங்கள்.

நான்காவதாக, நன்றி சொல்ல முடியாத நாள் வந்தால், பொய்யாகச் சொல்லாதீர்கள். இறைவனிடம் உள்ளதை உள்ளபடி அழுது சொல்லுங்கள். அவரிடம் அழ வருவதும் அவரிடம் திரும்பி வருவதே.

லூக்கா சொன்ன சம்பவத்தில், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்ட கேள்விக்கு அங்கிருந்த யாரும் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஒன்பது பேரும் நோய் நீங்கியவர்களாக எங்கோ வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எந்த நாளிலும் அவர்கள் திரும்பி வந்திருக்கலாம். நமக்கும் அப்படியே. வரவேண்டிய வழி தூரமில்லை.